23 நிமிட ‘டார்க் ஸ்டார்’: எழுதி வைக்காத இசையை ஒரு குழு எப்படிச் சேர்ந்து வாசிக்கிறது?

1968 ஏப்ரலில் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு ‘டார்க் ஸ்டார்’ என்ற பாடலைச் சிறு இசைத்தட்டாக வெளியிட்டது. மூன்று நிமிடம்கூட ஓடாத பாட்டு. விற்பனையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அடுத்த ஆண்டு, 1969 பிப்ரவரி 27 அன்று, சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் அதே பாட்டை வாசித்தார்கள். முடிக்க 23 நிமிடம் ஆனது. வரிகள் அதேதான், மெட்டும் அதேதான். அந்த வாசிப்பு ‘லைவ்/டெட்’ ஆல்பத்தின் முதல் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது.

கூடுதலாக வந்த அந்த இருபது நிமிடம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. அதை யாரும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. முன்னணி கிட்டாரில் ஜெர்ரி கார்சியா, ரிதம் கிட்டாரில் பாப் வெயர், பேஸ் கிட்டாரில் பில் லெஷ், ஆர்கனில் டாம் கான்ஸ்டன்டன், தாளத்துக்கு பில் கிரொய்ட்ஸ்மன், மிக்கி ஹார்ட் என்று இருவர். எல்லோரும் ஒரே நேரத்தில் மனோதர்மமாக வாசிக்கிறார்கள். ஒருவர் தனியாக விளையாட மற்றவர்கள் பின்னால் தாங்கிப் பிடிப்பது வழக்கமான ராக் குழுவின் முறை. பிற்காலத்தில் ‘ஜாம் பேண்ட்’ என்று பெயர் பெற்ற குழுக்களில் அந்தப் பிரிவினை கரைந்துபோகிறது. யார் தலைமை என்பதே நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அப்படியும் அது இரைச்சலாகச் சிதறவில்லை. ஏன் சிதறவில்லை என்பதற்கு இசையிலும் பதில் இருக்கிறது, மூளையிலும் இருக்கிறது.

முதலில், எது மாறவே இல்லை என்று பார்த்துவிடலாம். பாட்டுக்கு ஒரு சிறு கருவாக்கியம் உண்டு. கேட்டதும் ‘ஆ, டார்க் ஸ்டார்’ என்று ரசிகர்கள் கண்டுபிடித்துவிடுகிற சில சுரங்கள், அவ்வளவுதான். அதன் அடியில் ஏ, ஜி என்ற இரண்டு கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) மாறி மாறி வருகின்றன. நடுவே இரண்டு சரணங்கள். ஏ சுரத்தை சட்ஜமாக, அதாவது ஆதாரமான ‘ச’வாக வைத்தால், புழங்குகிற சுரங்கள் நம் ஹரிகாம்போதி ராகம். மேற்கத்திய இசையில் அதற்கு மிக்ஸோலிடியன் என்று பெயர்.

இந்தத் தேர்வு சாதாரணமானதல்ல. சங்கராபரண ராகத்தில் இருக்கும் காகலி நிஷாதம் என்ற ‘நி’ மேல் சட்ஜத்துக்கு ஒரு அரைச்சுரம் கீழே நிற்கிறது. அங்கே போனதும் காது சட்ஜத்தைக் கேட்கிறது. மேற்கத்திய இசை இந்த இழுவிசையை வைத்தே தன் வாக்கியங்களை முடிக்கிறது: இத்தனை அடிக்குள் இந்தக் கார்டு, பிறகு வீடு திரும்பு என்று. ஹரிகாம்போதியின் கைசிகி நிஷாதமோ சட்ஜத்திலிருந்து ஒரு முழுச்சுரம் தள்ளி இருக்கிறது. இழுவிசை தளர்கிறது. ‘இங்கே திரும்பியே ஆக வேண்டும்’ என்ற இடமே பாட்டில் இல்லாமல் போகிறது. யார் எங்கே நுழைந்தாலும் பிழையாகாது, எவ்வளவு நேரம் தங்கினாலும் தவறில்லை. ஜான் கோல்ட்ரேன் போன்ற ஜாஸ் மேதைகள் அப்போதுதான் இந்த வழியில் நெடுந்தூரம் போயிருந்தார்கள். கிரேட்ஃபுல் டெட் அவர்களை ஊன்றிக் கேட்டவர்கள். கோல்ட்ரேன் குழுவின் பியானோ கலைஞர் மெக்காய் டைனரின் இடதுகையிலிருந்து கற்றுக்கொண்டதாக வெயர் சொல்லியிருக்கிறார்.

சரி, சுரம் பொருந்திவிட்டது. நேரம் எப்படிப் பொருந்துகிறது?

ஒரு ஒலியைக் கேட்டு, அதற்கு எதிர்வினையாக விரலை அசைக்க மனிதருக்குக் குறைந்தது 150 மில்லிசெகண்ட் அளவு ஆகும். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 500 மில்லிசெகண்ட். அடுத்தவர் அடித்ததைக் கேட்டுவிட்டு அடிப்பதென்றால் ஒவ்வொரு அடியும் பளிச்சென்று பிந்தும். இது போதாதென்று காற்றில் ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்கிறது. மேடையின் ஒரு மூலையில் நிற்பவரின் ஒலி எட்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 24 மில்லிசெகண்ட் தாமதமாகவே போய்ச் சேரும். ஆகவே யாரும் கேட்டுவிட்டு வாசிப்பதில்லை. கேட்கப்போவதை ஊகித்து வாசிக்கிறார்கள்.

இதற்கு எளிய ஆதாரம் உண்டு. சீராக வரும் ‘பீப்’ ஒலியோடு சேர்ந்து விரலைத் தட்டச் சொன்னால், பெரும்பாலானோர் ஒலி வருவதற்குச் சற்று முன்பே தட்டிவிடுகிறார்கள், சில பத்து மில்லிசெகண்ட் முந்தி. மூளை அடுத்த அடி விழும் நேரத்தை முன்பே கணித்து, கைக்குக் கட்டளை அனுப்பியிருக்கிறது. பிறகு ஒலி வந்ததும் கணிப்பையும் நிஜத்தையும் ஒப்பிட்டு, பிசகியதை அடுத்த அடியில் சரிசெய்கிறது. இந்தத் திருத்தம் இரண்டு வகை. ஒரு அடி தவறினால் அதை மட்டும் நகர்த்துவது ஒன்று. வேகமே மாறிவிட்டது என்று உணர்ந்து மனத்துக்குள் ஓடும் காலப்பிரமாணத்தையே மாற்றுவது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் நாம் அறியாமலே நடக்கிறது, இரண்டாவதுக்குக் கவனம் வேண்டும். நல்ல குழுவில் எல்லோரும் எல்லோருக்காகவும் இந்த இரண்டையும் செய்துகொண்டே இருக்கிறார்கள்.

1969 பதிவில் இந்த வேலை இன்னும் கடினம், ஏனென்றால் டிரம்ஸ் பல இடங்களில் ஒதுங்கியே நிற்கிறது. சுரண்டி ஒலியெழுப்பும் வாத்தியம், எப்போதாவது கோங் மணி, தட்டுகளின் மெல்லிய ஒலி. தாளத்தைக் கையில் கொடுக்க ஆள் இல்லை, ஆனாலும் தாளம் இருக்கிறது. மிக்கி ஹார்ட் தபேலா மேதை அல்லா ரக்காவிடம் கற்றவர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். பின்னாளில் அவர் நடத்திய ‘பிளானட் டிரம்’ ஆல்பத்தில் அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் உசேனும் நம் கடம் விநாயக்ராமும் வாசித்தார்கள். 1992-இல் அதற்கு கிராமி விருது கிடைத்தது.

இப்போது பேஸ் கிட்டாருக்கு வருவோம். என்னைக் கேட்டால் இந்த 23 நிமிடத்தின் மையம் அதுதான். கார்சியாவின் கிட்டார் முதலில் காதில் விழுவதற்குக் காரணம் அவர் திறமை மட்டுமல்ல. பல குரல்கள் சேர்ந்து ஒலிக்கும்போது நம் மூளை மெட்டை உயர்ந்த சுருதியில்தான் தேடுகிறது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரல் டிரெய்னரும் அவர் குழுவினரும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு சுரங்கள் ஒலிக்கும்போது, சுருதி பிசகினால் மேல் சுரத்தில்தான் மூளை சட்டென்று கண்டுபிடிக்கிறது. நேரம் பிசகினால் நிலைமை தலைகீழ்: கீழ் சுரத்தில் வந்த பிசகுதான் மூளைக்குத் துல்லியமாகத் தெரிகிறது. 2014-இல் வெளியான அந்த ஆய்வில், தாளம் தட்டுபவர்களின் விரலும் கீழ் சுரத்தையே அதிகம் பின்பற்றியது. உட்செவியின் இயக்கத்திலேயே இதற்கு அடிப்படை இருக்கலாம் என்று அவர்களின் கணினி மாதிரி காட்டியது. உலகின் பல இசைகளில் கனத்த ஒலி தாளத்தையும் மெல்லிய ஒலி மெட்டையும் சுமப்பது இதனால்தான் போலும்.

பில் லெஷ் இந்த ஏற்பாட்டுக்கு உட்படாதவர். ட்ரம்பெட் வாசித்து வளர்ந்து, மில்ஸ் கல்லூரியில் இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சியானோ பெரியோவிடம் படித்தவர். இந்தக் குழுவில் சேர்ந்த பிறகுதான் பேஸ் கிட்டாரைக் கையிலெடுத்தார். அடிக்கு ஒரு சுரம் என்று அடித்தளம் போடாமல், கார்சியாவின் மெட்டுக்கு எதிராக இன்னொரு மெட்டைப் பின்னுகிறார். நம் காது நேரத்துக்காக நம்பியிருக்கும் ஒலியே பாடத் தொடங்குகிறது. முதல் தடவை கேட்பவருக்குக் கால் ஊன்ற இடமில்லாத உணர்வு வருவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். இன்னொன்றும் உண்டு. கனத்த சுரம் எதுவோ, அதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு மேலே ஒலிப்பதையெல்லாம் காது அர்த்தப்படுத்துகிறது. லெஷ் ஏ சுரத்தில் நின்றால் கார்சியா வாசிப்பது ஹரிகாம்போதி. அவர் பஞ்சமமான இ சுரத்தில் போய்த் தங்கினால், அதே சுரங்கள் கரகரப்பிரியாவின் சாயலைப் பெறுகின்றன. நம்மிடம் கிரகபேதம் செய்கிற பாடகர் சட்ஜத்தை மனத்தளவில் நகர்த்துகிறார். இங்கே ஒருவர் நகர்த்த, நிறம் மாறுவது இன்னொருவர் வாசிப்பில்.

அதனால், ஹெட்போன் மாட்டிக்கொண்டு முதலில் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேளுங்கள். கிட்டார் கவனத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், விடாதீர்கள். காதுக்கு வருவது எல்லா வாத்தியமும் கலந்த ஒரே காற்றதிர்வு. அதைச் சுருதி, ஒலிநயம், வரும் திசை ஆகியவற்றை வைத்துத் தனித்தனி இழைகளாகப் பிரிப்பது மூளையின் வேலை. பழகப் பழக ஒரு இழையைப் பிடித்து நிறுத்துவது சுலபமாகிறது. அப்புறம் வெயரைத் தேடுங்கள். அவரைக் கண்டுபிடிக்கவே நேரமாகும். முழுக் கார்டாக வாசிக்காமல் இரண்டு மூன்று சுரங்களை இடைவெளியில் செருகிவிட்டுப் போய்விடுவார்.

இழைகள் பிரிந்து கேட்கத் தொடங்கினால் உரையாடல் பிடிபடும். கார்சியா ஒரு சிறு சொற்கட்டை இரண்டாவது முறை வாசிக்கிறார் என்றால் அது ஒரு அழைப்பு. முதல் முறை வந்தது தற்செயலாக இருக்கலாம். திரும்ப வந்தால் ‘இதைப் பிடித்துக்கொள்ளலாமா?’ என்று கேட்பதாக அர்த்தம். சில நேரம் லெஷ் அதன் தாளத்தை மட்டும் வாங்கிக்கொள்வார், சில நேரம் ஆர்கன் அதைச் சுழற்றும். யாரும் வாங்காவிட்டால் அது அப்படியே கரையும், அதிலும் தவறில்லை. எந்த அழைப்பு ஏற்கப்படுகிறது, எது கைவிடப்படுகிறது என்று பின்தொடர்வதுதான் இந்த இசையைக் கேட்பதில் எனக்குப் பிடித்த பகுதி.

உரையாடல் என்று சொல்வது வெறும் அலங்காரமல்ல. சார்லஸ் லிம், ஆலன் பிரவுன் இருவரும் 2008-இல் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து வாசிக்கச் சொன்னார்கள். மனப்பாடமாக வாசித்ததோடு ஒப்பிட்டால், கற்பனையாக வாசிக்கும்போது தன்னைத்தானே கண்காணிக்கும் வேலையோடு தொடர்புடைய முன்மூளையின் பக்கப் பகுதி அடங்கியது. நடுப்பகுதி கூடுதலாக இயங்கியது. 2014-இல் லிம்மின் குழு அடுத்த அடியை வைத்தது: உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், மாற்றி மாற்றி வாசித்தார்கள். அப்போது பேச்சின் இலக்கணத்தைக் கையாளும் பகுதிகள் சுறுசுறுப்பாயின. சொல்லின் பொருளைக் கையாளும் பகுதிகள் அப்படியாகவில்லை. ஆய்வகமும் மேடையும் ஒன்றல்ல, கலைஞர்களின் எண்ணிக்கையும் குறைவு. இருந்தாலும், வாக்கியம் கட்டும் கருவியே இங்கேயும் உழைக்கிறது என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

பாட்டின் நடுவில் தாளமும் கார்டுகளும் கிட்டத்தட்ட மறைந்து, நீண்ட ஊளை போன்ற ஒலிகள் எழும் கட்டம் வருகிறது. அது ஃபீட்பேக். கம்பியின் அதிர்வு ஆம்ப்ளிஃபையர் வழியாக ஸ்பீக்கருக்குப் போய், அங்கிருந்து காற்றில் திரும்பி வந்து அதே கம்பியை மறுபடி அசைக்கிறது. திரும்பி வரும் அலை கம்பியின் அசைவோடு ஒத்துப்போகும் அதிர்வெண்கள் மட்டும் வளர்கின்றன, மற்றவை மடிகின்றன. ஸ்பீக்கரிலிருந்து கொஞ்சம் விலகியோ திரும்பியோ நின்றாலே வேறொரு சுரம் மேலெழும். கலைஞர் நிற்கிற இடமே அப்போது வாத்தியத்தின் பகுதியாகிவிடுகிறது.

இதற்குப் பிறகு கருவாக்கியம் திரும்பும்போது உடம்பு சிலிர்க்கிறதே, அதற்கும் ஒரு விளக்கம் உண்டு. மாண்ட்ரியலின் மெகில் பல்கலைக்கழகத்தில் 2011-இல் வெளியான ஆய்வில், தங்களுக்குச் சிலிர்ப்பூட்டும் இசையைக் கேட்டவர்களின் மூளையில், இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் இரண்டு இடங்களில் சுரந்தது. உச்சக்கட்டம் வரப்போகிறது என்று காத்திருக்கும்போது ஓரிடம், வந்தபோது வேறிடம். அவர்கள் கேட்டது முன்பே பழகிய இசை. ‘டார்க் ஸ்டா’ரில் அந்தப் பழக்கத்தை அந்தச் சில சுரங்கள் தருகின்றன. தொடக்கத்தில் அவற்றைக் காட்டிவிட்டு, ஏறத்தாழ ஆறு நிமிடம் கழித்து முதல் சரணத்தைப் பாடிவிட்டு, பிறகு கால் மணி நேரம் போல இழுத்தடிக்கிறார்கள். நடுநடுவே வாக்கியத்தின் நுனி தலைகாட்டி ஏமாற்றும். கடைசியில் எல்லோரும் அதில் வந்து கூடும்போது, இரண்டாம் சரணம் வருமுன்பே மூளை பாதிப் பரிசை வாங்கி முடித்திருக்கும்.

இந்தப் பாட்டை அவர்கள் மேடையில் இருநூறு தடவைக்கு மேல் வாசித்தார்கள். ரசிகர்கள் பதிவுசெய்து பணம் வாங்காமல் பரிமாறிக்கொள்ள அனுமதித்ததால் பெரும்பாலானவை இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. 1972 ஆகஸ்ட் 27 அன்று ஆரிகன் மாநிலத்தின் வெனீட்டாவில், கடும் வெயிலில் வாசித்தது அரை மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. அப்போது ஹார்ட் குழுவில் இல்லை. ஒரே டிரம்ஸ், ஆர்கனுக்குப் பதில் கீத் காட்சோவின் பியானோ. இரண்டு டிரம்ஸ் கலைஞர்கள் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் நீங்கியதால், கிரொய்ட்ஸ்மன் நினைத்த மாத்திரத்தில் திரும்புவதைக் கேட்கலாம்.

கனடிய இசையமைப்பாளர் ஜான் ஆஸ்வால்ட் ஒரு படி மேலே போனார். 1968 முதல் 1993 வரையிலான நூற்றுக்கும் மேற்பட்ட ‘டார்க் ஸ்டார்’ பதிவுகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 1990-களின் நடுவில் ‘கிரேஃபோல்டட்’ என்று வெளியிட்டார். அதில் இளவயது கார்சியாவும் ஐம்பதை எட்டிய கார்சியாவும் சேர்ந்தே வாசிக்கிறார்கள். ஏ, ஜி இரண்டும் அந்த 25 ஆண்டுகளில் மாறவே இல்லை என்பதால் அது பொருந்துகிறது.