முட்டி வலி: உட்கார்ந்து எழுந்தாலே பாதி வைத்தியம்

பிசியோதெரபிக்கு வரும் பெரியவர்களில் பலரும் முதலில் எக்ஸ்ரே கவரைத்தான் நீட்டுவார்கள். “தேய்மானம்னு சொல்லிட்டாங்க, இனிமே முட்டிக்கு வேலை கொடுக்கக் கூடாதாம்” என்பார்கள். படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து ஒருமுறை எழுந்து காட்டச் சொல்வேன். படத்தில் மூட்டு மோசமாகத் தெரிந்தும் வலியில்லாமல் நடமாடுகிறவர்கள் உண்டு. படம் சுமாராக இருந்தும் படியேறத் திணறுகிறவர்களும் உண்டு. எழுந்திருக்கும் விதத்தில் தெரிவது எக்ஸ்ரேயில் தெரியாது.

இரண்டு கையாலும் தொடையை அழுத்தித்தான் எழுவார்கள். முட்டிகள் உள்பக்கமாகச் சாயும். உட்காரும்போது பாதி தூரத்திலேயே பிடி விட்டுப்போய்த் தொப்பென்று விழுவார்கள். தொடையின் முன்பக்கத் தசை தளர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட அடையாளம் வேண்டாம். அந்தத் தசை தாங்க வேண்டிய பாரம் முழுவதும் மூட்டின் மேல் இறங்குகிறது. வலிக்கிறதே என்று அசையாமல் இருந்தால் தசை இன்னும் தளரும், வலியும் கூடும். மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அழுந்தி விடுபடும்போது மூட்டுத் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம் போகிறது. மூட்டுக்கு அசைவு வேண்டும் என்று நாங்கள் விடாமல் சொல்வது அதனால்தான்.

அதனால் பெரும்பாலும் இந்த ஒரு பயிற்சியில்தான் தொடங்குவேன். சுவரோரம் நகராத நாற்காலி. எழ முடியாதவர்களுக்கு நாற்காலியின் மேல் கெட்டியான ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டலாம். பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும்வரை முன்னால் குனிந்து எழ வேண்டும். உட்காரும்போது மனதுக்குள் மூன்று எண்ணியபடி மெதுவாக இறங்க வேண்டும். தசைக்கு உண்மையான வேலை அங்கேதான். ஐந்து முறை செய்தாலும் போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். மறுநாள் காலைக்குள் வலி வழக்கமான அளவுக்கு வந்துவிட்டால் பயமில்லை. வராவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். இரண்டாவது வாரத்திலேயே “ஒண்ணும் குறையலையே” என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

“மெஷின் வைக்க மாட்டீங்களா?” என்ற கேள்வி தவறாமல் வரும். படுத்துக்கொண்டே குணமாக யாருக்குத்தான் ஆசை இல்லை! ஆனால் மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியை எல்லோருக்கும் பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) என்ற மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பு, போதிய ஆதாரம் இல்லாததால் மின்கருவிச் சிகிச்சைகளைத் தர வேண்டாம் என்று 2022 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும், 15 நிமிடம் போதும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் மட்டும் ஜாக்கிரதை. சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும்.

எடை கூடுதலாக இருந்தால் 1 கிலோ குறைத்தாலும், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முட்டிக்குச் சுமார் 4 கிலோ பாரம் குறைகிறது. கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் மாற்றிப் பிடிப்பதால்தான் பயனில்லை என்று மூலையில் சாத்திவிடுகிறார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. “நீங்க உட்காருங்கம்மா, நான் எடுத்துத் தர்றேன்” என்று அன்பாகச் சொல்லிச் சொல்லியே அவர்களுக்கு மிச்சமிருக்கும் நடையையும் பறித்துவிடாதீர்கள்.

வலி மாத்திரையை நாள்கணக்கில்லாமல் விழுங்கினால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் என்று வேறு தொல்லைகள் வரும். அதற்காக, டாக்டர் எழுதிக் கொடுத்ததை நீங்களாக நிறுத்தவும் கூடாது. அவரிடம் பேசிக் குறைத்துக்கொள்ளுங்கள். மூட்டு சிவந்து சூடாக வீங்கினாலோ, காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்ந்து வந்தாலோ, விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாவிட்டாலோ பயிற்சியைத் தொடாமல் முதலில் டாக்டரைப் பாருங்கள். முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனால் அன்றைக்கே போக வேண்டும்.