எக்ஸ்ஆர்பி: பணம் போகும் வழி வேறு, விலை போகும் வழி வேறு

"பிட்காயின் ஒன்று வாங்க லட்சக்கணக்கில் வேண்டும். எக்ஸ்ஆர்பி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. இதுவும் ஒருநாள் அந்த உயரத்துக்குப் போனால்?" கிரிப்டோ பக்கம் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். ஒரு பெருக்கல் போட்டால் விடை வந்துவிடும். எக்ஸ்ஆர்பி என்ற இந்தக் கிரிப்டோ நாணயம் தொடக்கத்திலேயே 10,000 கோடி உருவாக்கப்பட்டது. அதில் சுமார் 6,000 கோடி இப்போது சந்தையில் புழங்குகிறது. ஒன்றின் விலை 1 லட்சம் டாலர் என்றால், புழங்குவதன் மொத்த மதிப்பு மட்டும் 6,000 டிரில்லியன் டாலர். உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் உற்பத்தி செய்வதே 100 டிரில்லியனைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். ஒரு காயினின் விலை குறைவு என்பதால் அது மலிவு ஆகிவிடாது. விலையை எண்ணிக்கையோடு பெருக்கினால்தான் சந்தை அதை எவ்வளவுக்கு மதிக்கிறது என்று தெரியும்.

விலைக்குப் பிறகு வருவோம். முதலில் இது எப்படி இயங்குகிறது?

யாரிடம் எவ்வளவு எக்ஸ்ஆர்பி இருக்கிறது என்று பதியும் பொதுக் கணக்கேடுதான் எக்ஸ்ஆர்பி லெட்ஜர். அது 2012 ஜூனில் ஓடத் தொடங்கியது. டேவிட் ஷ்வார்ட்ஸ், ஜெட் மெக்கேலப், ஆர்தர் பிரிட்டோ மூவரும் எழுதியது. உருவான காயின்களில் 8,000 கோடியை, பின்னாளில் ரிப்பிள் என்று பெயர் மாறிய சான் பிரான்சிஸ்கோ நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். பிட்காயினில் போல, கணினிகள் போட்டி போட்டுப் புதிய காயினை வெல்லும் மைனிங் இங்கே கிடையாது. அதனால் புதிய காயின் பிறப்பதும் இல்லை, மின்சாரத்தைக் குடிக்கும் போட்டியும் இல்லை.

அப்படியானால் எந்தப் பரிவர்த்தனை செல்லும், எது செல்லாது என்று யார் முடிவு செய்கிறார்கள்? வேலிடேட்டர் எனப்படும் சர்வர்கள். உலகம் முழுக்க அவை பல இருந்தாலும், ஒவ்வொரு சர்வரும் தான் நம்பும் வேலிடேட்டர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கும். பெரும்பாலோர் பயன்படுத்தும் பட்டியலில் சுமார் 35 பேர். புதிதாக வந்த பரிவர்த்தனைகளை ஒவ்வொருவரும் ஒரு தொகுப்பாக முன்வைக்கிறார்கள். முதல் சுற்றில் பாதிப் பேர் ஏற்ற பரிவர்த்தனைகள் தங்கும், மற்றவை அடுத்த லெட்ஜருக்கு, அதாவது கணக்கேட்டின் அடுத்த பக்கத்துக்கு, காத்திருக்கும். அடுத்தடுத்த சுற்றுகளில் இந்த வரம்பு ஏறிக்கொண்டே போகும். தொகுப்பு ஒன்றானதும் எல்லோரும் அதை ஒரே வரிசையில் கணக்கிட்டு, கிடைத்த முடிவின் ஹாஷை (கைரேகை போன்ற சுருக்கக் குறியீட்டை) கையெழுத்திட்டு வெளியிடுகிறார்கள். பட்டியலில் உள்ளவர்களில் 80 சதவீதம் பேருக்கு ஒரே ஹாஷ் வந்தால் அந்த லெட்ஜர் உறுதி. இதெல்லாம் முடிய 3 முதல் 5 நொடி ஆகும். அதன்பின் அதை மாற்ற முடியாது. பிட்காயினில் போல ஆறு பிளாக் (பரிவர்த்தனைத் தொகுப்பு) வரை காத்திருக்கும் வழக்கம் இங்கு தேவையில்லை.

80 சதவீதம் கிடைக்காவிட்டால்? லெட்ஜர் அப்படியே நின்றுவிடும். தவறாக ஓடுவதைவிட ஓடாமல் நிற்பதே மேல் என்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. 2025 பிப்ரவரி தொடக்கத்தில் அப்படித்தான் ஒரு மணி நேரத்துக்கும் சற்று மேலாக நின்றது. யாருடைய பணமும் போகவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எதுவும் நகரவும் இல்லை. குறை சொல்கிறவர்கள் கை வைக்கும் இடம் வேறு: அந்தப் பட்டியலை வெளியிடுவது யார்? ரிப்பிளும், எக்ஸ்ஆர்பி லெட்ஜர் அறக்கட்டளையும். தனக்கென்று வேறு பட்டியல் வைத்துக்கொள்ள யாருக்கும் தடை இல்லை. ஆனால் ஒருவருக்கொருவர் பட்டியல் 90 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகாவிட்டால் லெட்ஜர் இரண்டாகப் பிரியும் ஆபத்து உண்டு என்று 2018இல் ரிப்பிளின் ஆய்வாளர்களே எழுதினார்கள். ஆகவே சுதந்திரம் ஏட்டில் உண்டு, நடைமுறையில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் வைத்திருக்கிறார்கள். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

கட்டணம் மிகச் சிறியது. எக்ஸ்ஆர்பியின் ஆகச் சிறிய அலகு டிராப். 10 லட்சம் டிராப் சேர்ந்தது ஒரு எக்ஸ்ஆர்பி. சாதாரணப் பரிவர்த்தனைக்கு 10 டிராப், அதாவது 0.00001 எக்ஸ்ஆர்பி. நெரிசல் கூடினால் இது ஏறும். வேலிடேட்டர்களுக்கு இதில் ஒரு டிராப்கூடப் போகாது, மொத்தமும் அழிக்கப்படுகிறது. குப்பைப் பரிவர்த்தனைகளைக் கொட்டி யாரும் வலைப்பின்னலை அடைத்துவிடக்கூடாது என்பதற்குத்தான் இந்தக் கட்டணம். "காயின் எரிந்துகொண்டே இருக்கிறது, அதனால் விலை ஏறும்" என்று யூடியூபில் பேசுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 2012 முதல் 2025 வரை எரிந்தது சுமார் 1.4 கோடி. 10,000 கோடியில் அது 0.014 சதவீதம்.

இனி கையில் வாங்கி வைத்துக்கொள்வது. பணம் தொலைவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

காயினுக்கான ரகசியச் சாவியை வைத்திருக்கும் செயலிதான் வாலட். உங்கள் சொந்த வாலட்டின் முகவரி ஆங்கிலச் சிறிய 'ஆர்' எழுத்தில் தொடங்கும். வாலட் அந்த முகவரியை உருவாக்கிக் காட்டிவிட்டாலும் லெட்ஜரில் அது இன்னும் கணக்காகப் பதிவாகியிருக்காது. குறைந்தது 1 எக்ஸ்ஆர்பி ஒரே தவணையில் வந்து சேர்ந்தால்தான் கணக்கு உயிர்பெறும். அந்த 1 உள்ளேயே பூட்டிக் கிடக்கும், செலவழிக்க முடியாது. வேறு டோக்கன் (இதே லெட்ஜரில் ஓடும் மற்ற காயின்) ஒன்றை ஏற்பதற்கான அனுமதி, விற்பனைக்குப் போட்டுவைத்த ஆர்டர் என்று கணக்கில் சேரும் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு 0.2 பூட்டப்படும். ஒவ்வொரு கணக்கின் விவரத்தையும் எல்லாச் சர்வர்களும் சுமக்க வேண்டியிருப்பதால், வீணாகக் கணக்குகள் பெருகாமலிருக்க இந்த இருப்புத்தொகை. ஒரு காலத்தில் 20 ஆக இருந்தது, 2021இல் 10 ஆனது, 2024 டிசம்பரில் வேலிடேட்டர்கள் வாக்களித்து 1 ஆக்கினார்கள். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு "என் 10 எக்ஸ்ஆர்பியைக் காணோம்" என்று பதறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய எண் இப்போது செல்லாது.

காயினை வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புவது இன்னொரு விதம். அங்கே உங்களுக்கென்று தனி முகவரி இருக்காது. லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கும் முகவரி ஒன்றுதான், யாருடைய பணம் என்று பிரித்துக் காட்டுவது டெஸ்டினேஷன் டேக் என்ற எண். அடுக்குமாடிக் குடியிருப்பில் கதவிலக்கம் எல்லோருக்கும் ஒன்றாயிருக்க, ஃப்ளாட் எண்தான் ஆளைக் காட்டுவதுபோல. டேக் 0 முதல் 429,49,67,295 வரை எந்த எண்ணாகவும் இருக்கலாம். இதை மறந்து அனுப்பினால் பணம் எக்ஸ்சேஞ்சின் பொதுக் கணக்கில் போய் விழும், உங்கள் பெயரில் வரவு ஆகாது. பணம் அழியவில்லை, ஆனால் 64 எழுத்து கொண்ட பரிவர்த்தனை ஹாஷை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர் சேவையின் பின்னால் அலைய வேண்டும். டேக் இல்லாத வரவை நிராகரிக்கும் அமைப்பு லெட்ஜரிலேயே உண்டு. அதைப் போட்டுவைத்த எக்ஸ்சேஞ்ச் என்றால் பரிவர்த்தனை தோற்கும், 10 டிராப் கட்டணத்தோடு பிழைத்தீர்கள். சொந்த வாலட்டுக்கு அனுப்பும்போது டேக் தேவையில்லை.

எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வாலட்டுக்கு எடுக்கும்போது எந்த நெட்வொர்க் என்று கேட்டால் நிதானமாகப் பாருங்கள். சில இடங்களில் பிஎன்பி ஸ்மார்ட் செயின் போன்ற வேறு வலைப்பின்னல்களில் எக்ஸ்ஆர்பியின் நகல் டோக்கன் ஒன்றையும் காட்டுவார்கள். அதன் முகவரி பூஜ்யத்தில் தொடங்கும், கட்டணமும் வேறு. எடுக்க வேண்டியது எக்ஸ்ஆர்பி லெட்ஜரில்தான். முதலில் ஒரு சிறு தொகையை அனுப்பி, சேர்ந்ததைப் பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள். நான்கு நொடி வேலை, கட்டணம் பைசாவுக்கும் கீழே. சோதிக்காமல் விடுவதற்குக் காரணமே இல்லை. (எக்ஸ்சேஞ்சுகள் எடுப்பதற்கென்று தனியாக வாங்கும் கட்டணம் இதைவிடப் பல மடங்கு அதிகம் என்பது வேறு விஷயம்.)

கடைக்காரராகவோ மென்பொருள் எழுதுகிறவராகவோ எக்ஸ்ஆர்பியில் பணம் வாங்குகிறீர்கள் என்றால் தெரிந்திருக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. பகுதிச் செலுத்துகை என்ற வசதியில், "அதிகபட்சம் 10,000 வரை" என்று எழுதிவிட்டு ஒரு துளியை மட்டும் அனுப்ப முடியும். பரிவர்த்தனை வெற்றி என்றே காட்டும். தொகை என்ற இடத்தில் 10,000 என்றே இருக்கும். உண்மையில் சேர்ந்த தொகை வேறொரு புலத்தில் எழுதப்பட்டிருக்கும். முதல் புலத்தை மட்டும் படித்து வரவு வைத்த எக்ஸ்சேஞ்சுகள் ஏமாந்திருக்கின்றன. எப்போதும் சேர்ந்த தொகையின் புலத்தையே படிக்க வேண்டும்.

இவ்வளவு வேகமும் மலிவும் எதற்கு? வடிவமைத்தவர்கள் மனதில் இருந்தது நாடு விட்டு நாடு போகும் பணம். வங்கிகள் வெளிநாட்டு வங்கிகளில் அந்தந்த நாட்டுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கின்றன. அப்படி முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு மாற்றாக எக்ஸ்ஆர்பியை நடுவில் வைப்பதுதான் யோசனை: அமெரிக்காவில் டாலருக்கு எக்ஸ்ஆர்பி வாங்கி, சில நொடியில் மெக்சிகோ எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி, அங்கே பெசோவுக்கு விற்பது. பணம் அனுப்பும் நிறுவனமான மணிகிராம் 2019இல் இதைத் தொடங்கியது. இதில் சேர்ந்ததற்காக ரிப்பிள் அதற்குக் கட்டணமும் கொடுத்தது. 2021இல் கூட்டு முறிந்தது. ஜப்பானின் பணம் அனுப்பும் நிறுவனமான எஸ்பிஐ ரெமிட் (நம் ஸ்டேட் வங்கி அல்ல) அதே ஆண்டு பிலிப்பைன்ஸுக்கு இந்த வழியில் அனுப்பத் தொடங்கியது. இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: ரிப்பிளின் மென்பொருளை வாங்கிய வங்கி எல்லாம் எக்ஸ்ஆர்பியைத் தொடுவதில்லை. செய்தி அனுப்புவதற்கு மட்டும் மென்பொருளைப் பயன்படுத்தியவை பல. "இந்த வங்கி ரிப்பிளில் சேர்ந்தது" என்ற தலைப்பைப் பார்த்து காயின் வாங்குகிறவர் படிக்காமல் விட்டது இந்த வரியைத்தான்.

பயன்பாடு பெருகினால் விலையும் ஏறாதா? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரு நாளில் 100 கோடி டாலர் எக்ஸ்ஆர்பி வழியாகப் போகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு தொகையும், வாங்குவது முதல் விற்பது வரை, 10 நிமிடம் எக்ஸ்ஆர்பியாக இருக்கிறது. அதே காயின்கள் ஒரு நாளில் 144 முறை சுற்றலாம். 100 கோடியை 144 ஆல் வகுத்தால் சுமார் 70 லட்சம் டாலர். அவ்வளவு மதிப்புள்ள காயின் இருந்தாலே போதும், அந்த 100 கோடியும் போய்ச் சேரும். நடுவில் நின்று விலை கொடுக்கும் தரகர்கள் கொஞ்சம் இருப்பு வைத்திருப்பார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் தொழில்நுட்பம் எவ்வளவு வேகமோ அவ்வளவு குறைவான காயினே அதற்குப் போதும். வேகத்தைக் காட்டி விலை ஏறும் என்பது தன்னையே மறுக்கும் வாதம். 2024 டிசம்பரில் ரிப்பிளே டாலருக்கு இணையான ஆர்எல்யுஎஸ்டி என்ற ஸ்டேபிள்காயினை வெளியிட்டது. விலை ஆடாத ஒன்று அதே லெட்ஜரில் ஓடும்போது, நடுவில் நிற்க எக்ஸ்ஆர்பிதான் வேண்டும் என்ற கட்டாயமும் தளர்கிறது.

பிறகு விலையை எது ஆட்டுகிறது? பெரும்பாலும் நீதிமன்றமும் சந்தையின் மனநிலையும். 2020 டிசம்பர் 22 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையமான எஸ்இசி, பதிவு செய்யாத பத்திரத்தை விற்றதாக ரிப்பிள் மீது வழக்குப் போட்டது. விலை சரிந்தது, அடுத்த மாதமே காயின்பேஸ் எக்ஸ்சேஞ்ச் எக்ஸ்ஆர்பி வர்த்தகத்தை நிறுத்தியது. 2023 ஜூலை 13 அன்று நீதிபதி அனலிசா டோரஸ், நிறுவனங்களுக்கு நேரடியாக விற்றது சட்டமீறல், எக்ஸ்சேஞ்ச் வழியாகப் பொதுச்சந்தையில் விற்றது அப்படியல்ல என்று தீர்ப்பளித்தார். 47 சென்ட் அளவில் இருந்த காயின் சில மணி நேரத்தில் 80 சென்ட்டைத் தாண்டியது. அன்று லெட்ஜரின் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 12.5 கோடி டாலர் அபராதம். 2025 ஆகஸ்டில் இரு தரப்பும் மேல்முறையீடுகளைக் கைவிட வழக்கு முடிந்தது.

திரையில் காணும் விலையே பல எக்ஸ்சேஞ்சுகளின் சராசரி என்பதையும் நினைவில் வையுங்கள். 2018 ஜனவரி 8 அன்று, தென்கொரியாவில் விலை மிக அதிகமாக இருந்ததால் காயின் விலைகளைக் காட்டும் காயின்மார்க்கெட்கேப் தளம் அந்நாட்டு எக்ஸ்சேஞ்சுகளைச் சராசரியிலிருந்து நீக்கியது. எக்ஸ்ஆர்பி ஒரேயடியாகச் சரிந்ததுபோல் திரையில் தெரிந்தது. அதைப் பார்த்துப் பயந்து விற்றவர்களால் பிறகு விலை நிஜமாகவே சரிந்தது.

மாதத் தொடக்கத்தில் வரும் "ரிப்பிள் 100 கோடி காயினைத் திறந்துவிட்டது" என்ற செய்தியும் புதிதல்ல. 2017 டிசம்பரில் ரிப்பிள் தன் கையிருப்பில் 5,500 கோடியை லெட்ஜரிலேயே பூட்டி, மாதம் 100 கோடி திறக்கும்படி வைத்தது. திறப்பதில் பெரும்பகுதியை வழக்கமாக மீண்டும் பூட்டிவிடுகிறது. தேதி எல்லோருக்கும் முன்பே தெரிந்ததால் அதில் அதிர்ச்சிக்கு இடமில்லை. ஆனால் சந்தைக்கு வரக் காத்திருக்கும் காயின் இவ்வளவு இருக்கிறது என்பது எப்போதும் விலையை அழுத்தும் உண்மை.

அன்றாடச் செலவுக்கு என்று பார்த்தால், யுபிஐ இருக்கும் நாட்டில் டீக்கடைக்கு எக்ஸ்ஆர்பி தேவையில்லை. வரியும் அதைச் சும்மா விடாது. இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். 1 லட்சத்துக்கு வாங்கி 1.5 லட்சத்துக்கு விற்றால், 50,000 லாபத்துக்கு 15,600 ரூபாய் கட்ட வேண்டும். அதே ஆண்டு இன்னொரு காயினில் 50,000 நட்டம் என்றாலும் அதைக் கழிக்க முடியாது, வரி அப்படியேதான். 2022 ஜூலையிலிருந்து விற்கும் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் ஆகப் பிடிக்கப்படுகிறது. அது நட்டத்துக்கு விற்றாலும் பிடிபடும், ரிட்டர்ன் போடும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். எக்ஸ்ஆர்பியைக் கொடுத்து வேறு காயின் வாங்குவதும் விற்பனையாகவே கணக்காகும். உங்கள் எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து உங்கள் வாலட்டுக்கு மாற்றுவது விற்பனை அல்ல. ஆனால் பின்னாளில் வாங்கிய விலையைக் காட்ட அந்த ஹாஷையும் தேதியையும் குறித்து வையுங்கள். எக்ஸ்சேஞ்ச் மூடிவிட்டால் பழைய கணக்குத்தாளை அங்கிருந்து எடுக்க முடியாது.