யமுனோத்ரியில் சோறு வேகும் குண்டம்

யமுனோத்ரி கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் பலர் கையில் ஒரு சின்னத் துணி முடிச்சு இருக்கும். உள்ளே ஒரு பிடி அரிசி, சில சமயம் ஒன்றிரண்டு உருளைக்கிழங்கு. கோயிலை ஒட்டியிருக்கும் சூரிய குண்டத்தில் அந்த முடிச்சை இறக்கிக் காத்திருப்பார்கள். அரிசி வெந்துவிடும். அதுதான் பிரசாதம். விறகும் இல்லை, அடுப்பும் இல்லை. பக்கத்திலேயே யமுனை ஓடுகிறது. அதில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும்.

உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,290 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த இடம். ஜானகி சட்டியோடு வண்டிகள் நின்றுவிடும், அப்புறம் ஏற்றம்தான். யமுனை பிறக்கும் இடம் என்று சொன்னாலும், ஆற்றுக்கு நீர் தரும் பனியாறு இன்னும் மேலே, பந்தர்பூஞ்ச் மலைச் சரிவில் கிடக்கிறது. அங்கே ஏறுவது எல்லாருக்கும் ஆகாது என்பதால் வழிபாடு கீழே நடக்கிறது என்பார்கள். சரிதான். ஆனால் கீழே எத்தனையோ திருப்பங்கள் இருக்க, குறிப்பாக இந்தத் திருப்பத்தில் கோயில் அமைந்ததற்கு இந்த வெந்நீரும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பனிக்கு நடுவே கொதிக்கும் நீரைப் பார்த்த எவரும் கும்பிடாமல் நகர்ந்திருக்க மாட்டார்கள்.

குண்டத்து நீரின் சூடு ஏறக்குறைய 88 டிகிரி செல்சியஸ். யமுனை சூரியனின் மகள், யமனின் தங்கை. அதனால் குண்டத்துக்கும் அப்பாவின் பெயர். புராணம் பாதி சரி. கடல் நீரை ஆவியாக்கி, மழையாகவும் பனியாகவும் இந்த மலைக்கு அனுப்பியது சூரியன்தான். சூடு மட்டும் அவர் கொடுத்ததில்லை, அது கீழேயிருந்து வருகிறது.

கீழே என்றதும் எரிமலையை நினைக்க வேண்டாம். கட்வால் இமயத்தில் எரிமலை கிடையாது. பூமிக்குள் இறங்க இறங்க, பெரும்பாலான இடங்களில் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வரை சூடு கூடும். அந்தக் கணக்கில் குளிர்ந்த மலைநீர் 88 டிகிரியைத் தொட ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் இறங்கியாக வேண்டும். இமயத்தில் அவ்வளவு ஆழம் போகத் தேவையில்லை. காரணம் சுவாரசியமானது.

அடுப்பிலிருந்து இறக்கிய களியை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மேல்பக்கம் ஆறி ஏடு கட்டிவிடும். சூடு ஆழத்தில் இருக்கும். ஆறுவதற்குள் மேலே மேலே வழித்து எடுத்துக்கொண்டே இருந்தால், சுடுகிற களி எப்போதும் விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். இமயத்தில் நடப்பது இதுதான். இந்தியாவைச் சுமக்கும் பூமியோட்டுத் துண்டான இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவோடு முட்டிக்கொண்டே இருக்கிறது. அதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நெரிசல் இமயத்தின் மேல் விழுகிறது, மலை உயர்கிறது. உயர்வதை ஆறுகளும் பனியாறுகளும் அரித்து எடுக்கின்றன. அரிப்பு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்தாலே பத்து லட்சம் ஆண்டில் ஒரு கிலோமீட்டர் பாறை காலி. பாறை வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். அதனால் ஆழத்துப் பாறை ஆறி முடிவதற்குள் மேலே வந்துவிடுகிறது. போதாததற்கு, பாறையிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைந்து தரும் வெப்பமும் சேர்கிறது. ஆக, யமுனை இங்கே வேடிக்கை பார்க்கிற ஆறு இல்லை. பக்கத்தில் கொதிக்கும் நீருக்கு அடுப்பை அருகில் இழுத்துக் கொடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு.

சூடான பாறை மட்டும் போதாது, நீர் போய்வர வழி வேண்டும். உயர இமயத்துப் பாறைகள் தெற்கேயுள்ள பாறைகளின் மேல் ஏறி நிற்கும் ஒரு நீளமான பிளவுப் பட்டை இருக்கிறது. புவியியலாளர்கள் மெயின் சென்ட்ரல் த்ரஸ்ட் என்பார்கள். அந்தப் பட்டையை ஒட்டிப் பாறை நொறுங்கி, விரிசல் விட்டிருக்கிறது. உயரத்தில் பெய்த நீர் விரிசல் வழியே இறங்கி, சூடேறி, மேலிருக்கும் நீரின் அழுத்தத்தாலும், சூட்டால் லேசாகிவிட்டதாலும் தாழ்ந்த பள்ளத்தாக்கில் மேலெழுகிறது. வேகமாக ஏறினால்தான் வழியில் ஆறாது. அதற்கு நல்ல அகலமான விரிசல் வேண்டும். கங்நானி, கௌரிகுண்ட், தபோவன் வெந்நீர் ஊற்றுகளின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். நீரிலுள்ள ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, அளந்தால் இவை மழை, பனி நீர்தான் என்று தெரிந்துவிடும். மணலில் இருக்கும் சிலிக்கா எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்தால், அடியில் என்ன சூட்டில் இருந்தது என்பதைக்கூட மதிப்பிடலாம்.

விரிசல் என்றால் நிலநடுக்கமும் உண்டு. 1991 அக்டோபர் 20 அன்று உத்தரகாசிப் பகுதியை 6.8 அளவுள்ள நடுக்கம் உலுக்கி, 700க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. வெந்நீரைத் தரும் நெரிசலும் மலையை ஆட்டும் நெரிசலும் ஒன்றே.

மறுபடி சமையலுக்கு வருவோம். சென்னையில் 88 டிகிரி என்றால் கொதிப்பதற்கு இன்னும் 12 டிகிரி பாக்கி. யமுனோத்ரியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அங்கே நீர் 89 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குண்டம் அதன் விளிம்பில் நிற்கிறது. அந்த உயரத்தில் நீங்கள் மூடாத பாத்திரத்தை எத்தனை பெரிய அடுப்பில் வைத்தாலும் இதைவிடப் பெரிதாகச் சூடேறாது. அரிசியின் மாவுச்சத்து 65 முதல் 75 டிகிரியிலேயே நீரை இழுத்து உப்ப ஆரம்பித்துவிடும் என்பதால் அதற்கு இந்தச் சூடு தாராளம். உருளைக்கிழங்கு கொஞ்சம் பொறுமை கேட்கும். பருப்பு கதையே வேறு. அதன் செல் சுவர்களை ஒட்டவைக்கும் பெக்டின் இளகக் கூடுதல் சூடு வேண்டும். மலையூர்க்காரர்கள் குக்கர் இல்லாமல் பருப்பு வைக்கத் தயங்குவது அதனால்தான். நீங்களும் யமுனோத்ரிக்குப் போனால் அரிசியைக் கட்டிக்கொண்டு போங்கள். சாம்பாரைக் கீழே வந்து வைத்துக்கொள்ளலாம்.