ரீஃப்: தமிழில் பாய்மடிப்பு

பெருங்கடலில் நடக்கும் பாய்மரப் படகுப் பந்தயங்களைப் பற்றிப் படிப்பவர்கள், காற்று வலுக்கும் கட்டத்தில் ஒரு சொல்லைத் தவறாமல் சந்திப்பார்கள்: ரீஃப். “இரவில் இரண்டாவது ரீஃப் போட்டோம்”, “விடிந்ததும் ஒரு ரீஃபை அவிழ்த்தோம்” என்று மாலுமிகள் பேசிக்கொள்வார்கள். இதைத் தமிழில் எழுத முனைந்து ஆங்கில அகராதியைத் திறந்தால் முன்னே வந்து நிற்பது பவளப்பாறை. அதை நம்பி எழுதினால், புயலில் ஓடும் படகு பாறையில் மோதிவிட்டது என்று வாசகர் பதறிப்போவார். ‘பாயை இறக்கினார்கள்’ என்று எழுதினாலோ, படகு போட்டியை விட்டுவிட்டது என்றே பொருள் கொள்வார். இரண்டுமே பிழை.

ரீஃப் என்பது, காற்று மிகும்போது பாயின் ஒரு பகுதியை மடித்துக் கட்டி, காற்றைத் தாங்கும் பரப்பைக் குறைக்கும் செயல். அப்படி மடிக்கப்படும் பட்டைக்கும் அதே பெயர்தான். மீதிப் பாய் மேலே விரிந்தே இருக்கும், படகும் ஓடிக்கொண்டே இருக்கும்.

பரப்பை ஏன் குறைக்க வேண்டும்? காற்றின் வேகம் கூடும்போது பாய்மீது விழும் அழுத்தம் அதே அளவில் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்க அளவில் ஏறுகிறது. மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் வீசிய காற்று 30 ஆனால் அழுத்தம் இரண்டேகால் மடங்கு. 40 ஆனால் நான்கு மடங்கு. அந்தச் சுமையைத் தாங்க முடியாமல் படகு ஒரு பக்கமாகச் சாய்கிறது. சாயச் சாய அதன் முகம் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கச் சுக்கானை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும், அப்படிப் பிடித்த சுக்கான் நீரில் குறுக்கே நின்று வேகத்தைத் தின்னும். ஒரு கட்டத்தில் சுக்கானின் பிடி முற்றிலும் போய், படகு சட்டென்று காற்றை நோக்கித் திரும்பிப் பக்கவாட்டில் விழுந்துவிடுகிறது. பெரிய அலைகள் பின்னாலிருந்து தள்ளும்போது இப்படி நேர்வது உயிருக்கே ஆபத்து.

ஆகவே பாயை மடிப்பது அஞ்சியவர்களின் வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். அளவுக்கு மீறிய பாயோடு சாய்ந்து தத்தளிக்கும் படகைவிட, ஒரு மடிப்புப் போட்டு நிமிர்ந்து ஓடும் படகு பல நேரங்களில் விரைவாகப் போகிறது. இந்தச் சொல்லின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. மடிப்பது போட்டியில் நீடிப்பதற்காக. தமிழ்ச் சொல்லிலும் அந்தப் பொருள் நிற்க வேண்டும்.

செயல்முறையையும் சற்றுப் பார்த்துவிடுவோம், சொல் தேர்வுக்கு அது உதவும். பாய்மரத்துக்குப் பின்னால் விரியும் பெரிய பாயின் அடிவிளிம்பு, ‘பூம்’ எனப்படும் கிடைமரத்தை ஒட்டி நீண்டிருக்கும். பாயை ஏற்றும் கயிற்றை, அதாவது ஆஞ்சானை, ஓரளவு தளர்த்துவார்கள். பாய் கொஞ்சம் இறங்கும். அதன் முன்விளிம்பில் சற்று உயரத்தில் உள்ள வளையத்தைக் கிடைமரத்தின் முனையில் மாட்டுவார்கள். பின்விளிம்பில் உள்ள வளையத்தை ஒரு கயிற்றால் கிடைமரத்தோடு இறுக்கி இழுப்பார்கள். பிறகு ஆஞ்சானை மீண்டும் இறுக்கினால் சிறிய பாய் ஒன்று தயார். அடியில் தொங்கும் மிச்சத் துணியை மடித்துக் கட்டிவிடுவார்கள். நல்ல வானிலையில், பழகிய குழுவுக்கு இது சில நிமிட வேலை. நள்ளிரவில், தளத்தின் மீது அலை ஏறிப் பாயும்போது, பாதுகாப்பு வாரால் தன்னைப் படகோடு பிணைத்துக்கொண்டு, நனைந்து விறைத்த துணியோடு மல்லாடுவது வேறு. அதனால்தான் ‘மடிக்கலாமா என்ற எண்ணம் முதலில் வந்தபோதே மடித்துவிடு’ என்று மூத்த மாலுமிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

இனிச் சொல்லின் பிறப்பு. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் ‘ரிஃப்’ என்றால் விலா எலும்பு. விலாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதற்கு உறவுதான். பாயின் குறுக்கே வரிவரியாக ஓடும் பட்டைகளுக்கு வடகடல் மாலுமிகள் இந்தப் பெயரை இட்டார்கள். கடலடியில் நீண்டு கிடக்கும் பாறை வரிசைக்கும் இதே சொல் ஆகி, டச்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. எனவே பவளப்பாறையும் பாய்மடிப்பும் ஒரு வேரிலிருந்து பிரிந்த இரண்டு பொருள்கள். மடித்த துணியைக் கட்டப் பயன்பட்டதால்தான் ரீஃப் முடிச்சுக்கும் அந்தப் பெயர். மடித்த துணியைச் சுற்றிக் கட்டுவதற்கு அது நல்ல முடிச்சு. சுமை தாங்க இரண்டு கயிறுகளை இணைப்பதற்கு அதை நம்பக் கூடாது.

இந்தச் சொல் ஒரு காலத்தில் காற்றையே அளந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த காற்று அளவுகோலில், வலுத்த காற்றின் படிகள் ஒரு போர்க்கப்பல் எந்தெந்தப் பாய்களை, எத்தனை மடிப்போடு தாங்கும் என்பதை வைத்து விளக்கப்பட்டன. 6ஆம் படியில் மேற்பாய்களில் ஒரு மடிப்பு, 7இல் இரண்டு, 8இல் மூன்று. 12ஆம் படி, எந்தப் பாயும் தாங்காத காற்று. இன்று அதே 8ஆம் படியை மணிக்கு 34 முதல் 40 கடல் மைல் என்று எண்ணால் சொல்கிறோம்.

மடிப்புக்கும் எல்லை உண்டு. பந்தயப் படகின் பெரிய பாயில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று மடிப்புகளுக்கே இடம் இருக்கும். அதற்கு மேலும் காற்று ஏறினால் அந்தப் பாயை முற்றிலும் இறக்கி, கனத்த துணியில் தைத்த சிறிய புயல் பாயை ஏற்றுவார்கள். தொலைவிலிருந்து தேடுவோர் கண்ணில் படும்படி புயல் பாய் பளிச்சென்ற நிறத்தில் இருக்க வேண்டும் என்பது இன்றைய விதி. அதுவும் தாங்காதபோது பாய் எதுவுமின்றி வெறும் மரத்தோடு ஓட வேண்டியதுதான். 1979 ஆகஸ்டில் 303 படகுகள் கிளம்பிய ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில், அயர்லாந்துக்குத் தெற்கே உள்ள கடலில் பலருக்கு இந்த நிலை வந்தது. பந்தயத்தில் இருந்தவர்களில் 15 பேர் இறந்தார்கள். 1998 சிட்னி–ஹோபார்ட் பந்தயத்தில் கிளம்பிய 115 படகுகளில் 44 மட்டுமே முடிவுக்கோட்டைத் தொட்டன, 6 பேர் இறந்தார்கள். இவற்றைத் தமிழில் எழுதும்போது மடித்த பாய், புயல் பாய், வெறுமரம் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால், அந்த மாலுமிகள் படிப்படியாகப் போராடியது வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.

தமிழில் பாய் வைத்த கலங்கள் சங்க காலத்திலிருந்தே பேசப்படுகின்றன. பாய்க்கு ‘இதை’ என்று ஒரு பழஞ்சொல் உண்டு. கடுங்காற்றில் கயிறு அறுந்து, இதை அடிபட்டு, கூம்பு (பாய்மரம்) அடியோடு முறிந்து சுழியில் சிக்கும் நாவாயை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. புறநானூற்றின் 30ஆம் பாட்டில் ‘மீப்பாய் களையாது’, அதாவது மேற்பாயை நீக்காமல், துறைமுகம் புகும் பெருங்கலம் வருகிறது. ஆனால் களைதல் என்பது பாயை முழுவதுமாக நீக்குவது. ஆகவே ரீஃபுக்கு அது பொருந்தாது. ‘பாய் சுருட்டுதல்’ என்பதும் ஆகாது. காற்று ஏற்காதபடி முழுப் பாயையும் சுருட்டிக் கட்டிவைப்பதையே அது குறிக்கும், அது பெரும்பாலும் துறைக்குத் திரும்பிய பின் செய்யும் வேலை.

‘பாய்குறுக்கல்’ நல்ல சொல்தான். பரப்புக் குறைவதை அது சொல்லிவிடுகிறது. ஆனால் குறுக்கலை எண்ண முடியாது. மாலுமிகளோ ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித்தான் பேசுகிறார்கள். அதனால் பெயர்ச்சொல்லுக்கு ‘பாய்மடிப்பு’ என்பதையே நான் தேர்வேன். முதல் மடிப்பு, இரண்டாம் மடிப்பு, மடிப்புப் போடுதல், மடிப்பை அவிழ்த்தல், மடிப்புக் கயிறு, மடிப்பு வளையம் எனத் தேவையான சொற்கள் எல்லாம் அதிலிருந்தே கிளைக்கின்றன. வினையாக எழுதும்போது ‘பாயை மடித்துக் குறுக்கினார்கள்’ எனலாம்.

ஓர் இடத்தில் மட்டும் இது ஒத்துவராது. பல படகுகளின் முன்பாயை இப்போது விளிம்போடு உருளையில் சுற்றியே சிறிதாக்குகிறார்கள். அங்கே மடிப்பே கிடையாது. ஆங்கிலத்தில் அதற்கும் ரீஃப் என்றுதான் பெயர். தமிழில் அதை ‘முன்பாயைப் பாதி சுற்றினார்கள்’ என்று நடந்தபடியே எழுதிவிடுவது நல்லது.