ஹேகர்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

வல்லூறு, பருந்து போன்ற பறவைகளைப் பழக்கி வேட்டைக்கு விடுவோரிடையே புழங்கும் சொல் ஹேகர்ட். காட்டிலேயே வளர்ந்து, குஞ்சுப்பருவ இறகுகளை உதிர்த்து, முதிர்ந்த இறகணியோடு பிடிபட்ட பறவையை இது குறிக்கும். இன்றைய ஆங்கிலத்தில் களைத்து ஒடுங்கிய முகத்துக்கும் இதையே சொல்வதால், அகராதியை நம்பி ‘சோர்ந்த பருந்து’ என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. உண்மையில் அது இனம் பெருக்கும் வயதில் உள்ள, வேட்டையில் தேர்ந்த பறவை.

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. வேலி, புதர் என்று பொருள்படும் பழைய ஜெர்மானியச் சொல்லோடு இதை இணைப்பவர்கள் உண்டு. அடங்காத பறவையின் வெறித்த பார்வையிலிருந்துதான் மனித முகத்துக்குத் தாவியது.

இதற்கு இரண்டு கூட்டாளிச் சொற்கள். கூட்டிலிருந்து எடுத்த குஞ்சு ஐயஸ். கூடு என்னும் பொருளுள்ள லத்தீன் ‘நீடஸ்’ இதன் வேர். ஆங்கிலத்தில் ‘அ நியஸ்’ என்றிருந்ததை ‘அன் ஐயஸ்’ என்று பிரித்துக் கேட்டதில் முதல் எழுத்தே காணாமல் போனது! கூட்டை விட்டுப் பறந்தபின், முதல் ஆண்டுக்குள், பெரும்பாலும் வலசையின்போது பிடிபடுவது பாசேஜர்.

வேட்டைக்காரர்கள் வயதைப் பிரித்துவைத்த இந்த வழக்கத்தையே சட்டமும் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவின் கூட்டரசு விதிகளில் உரிமம் மூன்று நிலை: பயிலுநர், பொது, தேர்ந்தவர். பயிலுநர் கூட்டுக் குஞ்சை எடுக்கக் கூடாது. மற்ற இரு நிலையினர் எடுக்கலாம், ஆனால் கூட்டில் ஒரு குஞ்சையாவது விட்டுவர வேண்டும். ஆண்டுக்கு இரண்டு காட்டுப் பறவைகளுக்கு மேல் கூடாது. ஓராண்டு தாண்டிய பறவையைப் பொதுவாகப் பிடிக்கக் கூடாது; அமெரிக்கக் கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறும் பெருங்கொம்பு ஆந்தையும் முக்கிய விலக்கு. மற்ற ஹேகர்ட்கள் எல்லாம் தப்பின.

காரணம் எளிது. இரைகொல்லிப் பறவைகளில் பாதிக்கும் மேல் பொதுவாக முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. அவற்றில் சிலவற்றைப் பிடிப்பதால் மொத்த எண்ணிக்கை அவ்வளவாகக் குறையாது. இணையோடு கூடு கட்டும் ஒன்றைப் பிடித்தால் அந்தக் கூடே போச்சு. வயதையும் கண்ணால் அறியலாம்: செவ்வால் பருந்தின் வால் முதிர்ந்த பிறகே சிவக்கும், பொரி வல்லூறின் இளம்பறவைக்கு மார்பில் நெடுக்குக் கோடுகள், முதிர்ந்ததற்குக் குறுக்குப் பட்டைகள்.

சரி, தமிழுக்கு வருவோம். ஐயஸுக்குக் கூட்டுக்குஞ்சு பொருந்தும். பாசேஜருக்கு ‘வலசைப் பறவை’ சரிவராது, ஏனெனில் வலசை எல்லா வயதுப் பறவைக்கும் உண்டு. ‘முதலாண்டுப் பறவை’ தெளிவானது. ஹேகர்டுக்கு வெறும் ‘முதிர்பறவை’ போதாது. மனிதர் கையில் வளர்ந்து இறகு மாற்றியதும் முதிர்பறவைதான், ஆனால் ஹேகர்ட் அல்ல. ஆகவே ‘காட்டில் முதிர்ந்த பறவை’ என்றே எழுதலாம். சற்று நீளம்தான், இருந்தாலும் சட்டம் பார்க்கும் இரண்டு செய்திகளும் அதில் இருக்கின்றன.