தலைவலியை கைடிடம் மறைக்காதீர்கள்

மாலையில் கேம்ப் வந்து சேர்ந்ததும் சூப் கொடுப்போம். அப்போது யார் என்ன பேசுகிறார்கள் என்பதைவிட, யாருடைய கிண்ணத்தில் சூப் அப்படியே ஆறிக்கொண்டிருக்கிறது என்றுதான் பார்ப்பேன். மலையேற்ற கைடாக இத்தனை வருடத்தில் பழகிப்போன வேலை. "தலை வலிக்குதா?" என்று நேராகக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் "சேச்சே, வெயில்ல நடந்தது" என்று சொல்லிவிடுவார்கள். லீவு போட்டு, ஆறு மாதம் தயாராகி வந்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவேனோ என்று பயம்.

சுமார் 2500 மீட்டருக்கு மேலே போனால் யாருக்கும் உயர நோய் வரலாம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் குறையும். 5500 மீட்டரில் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், பசியின்மை, அசதி, தலைச்சுற்றல்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு குழுவில் மாரத்தான் ஓடுகிறவர் ஒருவர் இருந்தார். தினமும் முதல் ஆளாக கேம்ப் சேர்ந்துவிடுவார். 4200 மீட்டர் கேம்பில் காலையில் எல்லோரும் கிளம்பியாயிற்று, அவர் மட்டும் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சுப் போடுவார், அவிழும், மறுபடி போடுவார். நான் வாக்கிங் ஸ்டிக்கால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, குதிகாலை மறு காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நடக்கச் சொன்னேன். நாலாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தார். மூளையில் நீர் கோத்து வீங்கத் தொடங்கியதற்கான அறிகுறி அது. விசாரித்தால், இரண்டு நாளாகத் தலைவலியாம். எனக்குத் தெரியாமல் மாத்திரை போட்டுச் சமாளித்திருக்கிறார். ஆக்சிஜனும், மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்தும் கொடுத்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு உடனே கீழே இறக்கினோம். மறுநாள்தான் நேராக நடந்தார்.

உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு இது வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கு அவர்கள் மேல்தான் கூடுதல் கண். வேகமாக நடந்து சீக்கிரம் மேலே போய்விடுவார்கள்.

நுரையீரலில் நீர் கோப்பது இன்னொன்று. உயர நோயால் சாகிறவர்களில் அதிகம் பேர் இதனால்தான் சாகிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் இறக்க வேண்டும். தனியாக அனுப்பவே கூடாது.

தூக்கத்தில் மூச்சு சில நொடி நின்று மறுபடி வருவது வேறு விஷயம். டெண்டில் பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்துபோய் என்னை எழுப்புவார். உயரத்தில் அது சகஜம். ஆனால் தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டாம். இப்போது எல்லோரும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரோடு வருகிறார்கள். குளிரில் விறைத்த விரலில் அது காட்டும் எண்ணை வைத்து நான் முடிவெடுப்பதில்லை. அசெட்டசோலமைடு மாத்திரை உடம்பு பழக உதவும், ஆனால் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதைப் போட்டுவிட்டோம் என்று வேகமாக ஏறலாம் என நினைக்காதீர்கள்.

பணம் கட்டும் முன் பயணத் திட்டத்தை வாங்கிப் பாருங்கள். 3000 மீட்டருக்கு மேலே, தூங்கும் உயரம் ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் மேலே போய்விட்டுக் கீழே வந்து தூங்கலாம், அது நல்லது. நாளைக் குறைத்து மலிவாகக் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த ஓய்வு நாளில்தான் கை வைத்திருப்பார்கள்.

லேசான தலைவலி என்று சொன்னால் உடனே திருப்பி அனுப்ப மாட்டோம். அதே கேம்பில் இருக்கச் சொல்வோம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும், அப்புறம் ஏறலாம். அந்த மாரத்தான்காரரையும் முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு நாள் உட்கார வைத்திருப்பேன். திட்டத்தில் அதற்கு ஒரு நாள் உபரியாகவும் இருந்தது.