கிண்ணம் நிறைந்தால் நாய் தேறிவிடுமா?

கிண்ணத்தை வைத்ததும் மணி வந்தான். மோந்து பார்த்தான், ஓரத்தில் ஒருமுறை நக்கினான். பிறகு தரையில் இல்லாத மண்ணை மூக்கால் தள்ளித் தள்ளிக் கிண்ணத்தை 'மூடி'விட்டு, கதவுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான். 16 கிலோ இருக்க வேண்டிய நாய், மீட்டு வந்தபோது 11 கிலோ. விலா எலும்புகளை எட்ட நின்றே எண்ணிவிடலாம். பசி ருசி அறியாது என்கிறோமே, இவன் மட்டும் ஏன் இப்படி என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அன்று அவன் ஒரே மூச்சில் கிண்ணத்தைக் காலி செய்திருந்தால்தான் நான் பயந்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

நெடுநாள் பட்டினி கிடந்த உடல், சேமித்த கொழுப்பையும் தசையையும் கரைத்துப் பிழைக்கப் பழகியிருக்கும். இன்சுலின் அடங்கிக் கிடக்கும். உடலில் இருந்த பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் மெல்லத் தீர்ந்துகொண்டிருக்கும். ஆனால் ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாக இருப்பதுபோலவே தெரியலாம். இந்த நேரத்தில் வயிறு முட்ட, அதுவும் மாவுச்சத்து மிகுந்த உணவு உள்ளே போனால், இன்சுலின் திடீரென்று எகிறும். சர்க்கரையோடு சேர்த்து மிச்சமிருக்கும் இந்தத் தாதுக்களையும் ரத்தத்திலிருந்து செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். பாஸ்பேட் சரிந்தால் சிவப்பணுக்கள் உடையும், தசைகள் தளரும், மூச்சு திணறும். பொட்டாசியம் சரிந்தால் இதயத் துடிப்பு தாளம் தப்பும். பட்டினியைத் தாங்கிய உயிர் சாப்பாட்டால் போய்விடக்கூடும். 1945-ல் நாஜி வதை முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட மனிதர்களுக்கும் இப்படி நடந்தது.

அதனால்தான் எலும்பும் தோலுமாக வந்த நாய்க்குக் கால்நடை மருத்துவர் கணக்குப் பார்த்து உணவு தருவார். சும்மா படுத்திருக்கவே உடலுக்கு எவ்வளவு கலோரி தேவை என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. எடையை மூன்று முறை எழுதிப் பெருக்குங்கள், விடைக்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுங்கள், 70-ஆல் பெருக்குங்கள். மணியின் 11 கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 420 கிலோகலோரி வந்தது. முதல் நாள் அதில் மூன்றில் ஒரு பங்குதான், 140. அதையும் ஐந்து வேளையாகப் பிரித்து. கிண்ணத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த அளவைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மூன்று நான்கு நாள்களில் படிப்படியாக ஏற்றித்தான் முழு அளவுக்கு வந்தோம். கொஞ்சம் இளைத்த நாய்க்கு இவ்வளவு எச்சரிக்கை வேண்டியதில்லை. இது உண்மையிலேயே வற்றிப்போன நாய்களுக்கு.

சிறு சிறு வேளைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. குடலின் உள்சுவரில் விரல்கள்போல நீட்டிக்கொண்டு உணவை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளின் செல்கள் சில நாளுக்கு ஒருமுறை புதிதாகும். அவை தங்களுக்கான ஊட்டத்தில் ஒரு பங்கைக் குடல் வழியே போகும் உணவிலிருந்தே நேராக எடுத்துக்கொள்கின்றன. உணவே வராவிட்டால் குடலுறிஞ்சிகள் குட்டையாகிவிடும். அப்படிப்பட்ட குடலில் நிறையக் கொட்டினால் வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

இனி, சாப்பிட மறுப்பது. இதைப் பிடிவாதம் என்று முடிவு கட்டும் முன் வாயைத் திறந்து பார்த்துவிட வேண்டும். ஆவலாக வந்து, வாயில் எடுத்து, கீழே போட்டுவிட்டால் பல்லில் வலி இருக்கலாம். உணவைக் கண்டதும் உதட்டை நக்கி எச்சில் ஒழுக்கினால் குமட்டலாக இருக்கலாம். கொக்கிப்புழு, உருண்டைப்புழு, உண்ணிக் காய்ச்சல் எல்லாமே பசியைக் கெடுக்கும். இதற்கு நேர்மாறாக, அள்ளி அள்ளித் தின்றும் இளைத்தபடியே போய், மலம் எண்ணெய்ப் பசையோடு நிறையப் போனால், கணையம் செரிமான நொதிகளைச் சுரக்கவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு; நொதியைப் பொடியாக உணவில் கலந்து கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

நோய் இல்லையென்றால், வேலை மூக்கிலும் மூளையிலும்தான். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் என்றால், மணியோசை கேட்டதும் நாய்க்கு எச்சில் ஊறிய சோதனைதான் ஞாபகம் வரும்; ஆனால் 1904-ல் அவருக்கு நோபல் கிடைத்தது செரிமான ஆய்வுக்கு. உணவு வயிற்றுக்குள் போகாமலேயே, அதை ருசித்து விழுங்கும் ஆவலிலேயே நாயின் இரைப்பையில் அமிலம் சுரப்பதை அவர் காட்டினார். பயந்திருக்கும் நாயிடம் இந்த ஏற்பாடு நடப்பதில்லை. புது வீடு, புது வாசனை, புது ஆள். ஓடவா எதிர்க்கவா என்று நரம்புகள் விறைத்திருக்கும்போது ரத்தம் தசைக்குப் போகும், குடல் காத்திருக்கும். நாம் குனிந்து நின்று "சாப்பிடுடா கண்ணா" என்று கெஞ்சுவதும் அதற்கு மிரட்டல் மாதிரியேதான். கிண்ணத்தைக் கதவுக்குப் பின்னாலேயே வைத்துவிட்டு நான் அடுத்த அறைக்குப் போனேன். பத்து நிமிடத்தில் நக்கும் சத்தம் கேட்டது.

நாயின் நாக்கில் சுவை மொட்டுகள் நம்மைவிட மிகக் குறைவு. அதற்கு ருசி என்பது பெரும்பாலும் வாசனைதான். குளிர்ந்த உணவிலிருந்து மணமூட்டும் மூலக்கூறுகள் சரியாக எழும்பாது. உணவில் வெந்நீர் ஊற்றிக் கைபொறுக்கும் சூட்டில் வைத்தால் போதும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு, சூப் எதையும் மணத்துக்காக ஊற்றக் கூடாது. அவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

மாத்திரையை உணவுக்குள் ஒளிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1955-ல் அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியா எலிகளுக்கு இனிப்பு நீர் கொடுத்தபடியே, குமட்டலை உண்டாக்கும் கதிர்வீச்சைப் பாய்ச்சினார். பிறகு அவை அந்த இனிப்பை ஒதுக்கின. குமட்டலோடு ஒருமுறை சேர்ந்த ருசியை மூளை எளிதில் மன்னிப்பதில்லை. அன்றாட உணவில் கசப்பு மாத்திரையைக் கலந்து கிண்ணத்தையே சந்தேகப்பட வைப்பதைவிட, வேறொரு சிறு துண்டில் தனியாகக் கொடுப்பது மேல்.

நம் பங்கும் இருக்கிறது. வேண்டாம் என்று முகம் திருப்பியதும் கோழித் துண்டு வந்தால், முகம் திருப்புவதற்கு அதுவே கூலி. குறித்த நேரத்தில் வைத்து, இருபது நிமிடத்தில் எடுத்துவிடுங்கள் என்பார்கள். நல்ல யோசனைதான், உடம்பில் சதை இருக்கிற நாய்க்கு. மணி போன்றவர்களிடம் முதல் வாரங்களில் இந்தக் கண்டிப்பை நான் காட்ட மாட்டேன். ஒரு நாள் முழுக்க எதையும் தொடாவிட்டால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

வயிறு பழகிய பிறகு, கொஞ்சத்தில் நிறையக் கலோரி தரும் உணவு உதவும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி, புரதத்திலும் மாவுச்சத்திலும் 4. அதற்காக எண்ணெயை ஒரேயடியாக ஊற்றினால் கணையம் வீங்கிவிடக்கூடும். குட்டிகளுக்கான உணவில் கொழுப்பும் புரதமும் கூடுதல். ஒரு வாரம் பழைய உணவோடு கலந்து மாற்றலாம். வெறும் இறைச்சி மட்டும் போட்டால் போதிய கால்சியம் கிடைக்காது.

மணியை வாரம் ஒருமுறை தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறுவேன், பிறகு என் எடையைக் கழிப்பேன். கைவிரல்களை மடக்கி விரல் கணுக்களைத் தடவிப் பார்த்தால் தெரியும் எலும்பு மேடுகள் போலத்தான் முதலில் அவன் விலா இருந்தது. இப்போது விரித்த புறங்கையைத் தடவுவதுபோல இருக்கிறது. அதுதான் சரியான அளவு. முதுகெலும்பின் இருபுறப் பள்ளம் மட்டும் இன்னும் நிரம்பவில்லை. அது தசை நிரப்ப வேண்டிய இடம். அதற்கு நடைதான் மருந்து என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், காலையில் கதவுக்குப் பின்னாலிருந்து முதலில் எழுந்து வருவது அவன்தான்.